பூங்காவனத்தைப் பற்றிச் சொன்னது

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவரை எல்லோரும் சாமி என்றே கூப்பிட்டார்கள். பௌர்ணமிதோறும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள். பிறகு மகளுக்கு வந்த வரன், விற்க நினைக்கும் நிலம், தீராத வயிற்றுவலி என்று ஏதாவது கேட்பார்கள். சாமி ஒரு வார்த்தை சொல்வார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

மடத்தில் சமைத்தவள் பூங்காவனம். ஒரு குருபூஜையன்று சாப்பிட்டவர்களில் பலருக்கு வாந்தி. ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. அடுத்த பௌர்ணமிக்கு வந்த கூட்டம் சாப்பாட்டில் கை வைக்காமல் சாமியின் முகத்தையே பார்த்தது.

சாமி சொன்னார்: "பூங்காவனம் சுத்தபத்தம் இல்லாம சமைச்சிட்டா. இனிமே அவ கையால யாரும் சாப்பிட வேண்டாம்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கோடையில் மடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் ஏறியபோது மூடி விலகிக் கிடந்தது. அடியில் ஒரு குரங்கின் எலும்புகள்.

சாமிக்கு ஒரு சீடர் உண்டு. மாசிலாமணி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், சாமியைவிட வயதில் மூத்தவர். சாமி அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன செய்யலாம் வாத்தியாரே?"

"சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கலாம் சாமி."

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

பூங்காவனம் மகன் வீட்டுக் கொல்லையில் கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்குச் சொன்னதை மடம் திரும்பப் பெறுது."

"அப்படின்னா?"

"சாமி அப்படிச் சொன்னதா இனிமே வெச்சுக்க வேண்டாம்."

"நான் சுத்தமாத்தான் சமைச்சேன்னு சொல்றாரா?"

மாசிலாமணி யோசித்தார். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

அவள் புளியிலிருந்து கையை எடுத்தாள். "கல்யாண வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடறதில்லைங்க. இந்த வீட்லயே என்னை அடுப்புப் பக்கம் விடறதில்லை. சாமி சொன்னதைத் திரும்ப வாங்கிட்டாருன்னு மருமககிட்ட சொன்னா, ஏன் வாங்கினாருன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்ல?"

மாசிலாமணி வெயிலில் நடந்து மடத்துக்குத் திரும்பினார். நடந்ததைச் சொன்னார். சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற சொல் இருக்கா?"

"வருந்துகிறோம்னு சொல்லலாம்."

"மழை பெய்யலைன்னாலும் வருந்தறேன். மழையை நானா நிறுத்தினேன்?"

"திருத்திக்கொள்கிறோம்?"

"எழுத்துப் பிழையா அது?"

"சாமி சொன்னது ஒண்ணு, ஜனங்க எடுத்துக்கிட்டது ஒண்ணுன்னு..."

சாமி கண்ணைத் திறந்தார். "அதுக்கு என்ன பேரு?"

"மறுப்பு."

"கூட்டமே கேட்டுச்சே. விடுங்க."

மாசிலாமணிக்குக் கால் வலித்தது. அலுப்போடு சொன்னார்: "பின்னே பொய் சொன்னேன்னு சொல்வீங்களா? நீங்க பொய் சொல்லலையே. நம்பித்தானே சொன்னீங்க?"



"நம்பினேனான்னு தெரியலை வாத்தியாரே. அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் என் வாயையே பார்த்தாங்க. ஏதாவது சொல்லியாகணும். அவ பக்கத்துல நின்னா."

பிறகு கேட்டார்: "இதைத் திரும்ப எடுக்க என்ன சொல்?"

மாசிலாமணி தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குப் பூங்காவனத்தை வரச் சொல்லி ஆள் போனது. அவள் மருமகளோடு வந்து, மண்டபத்தில் கடைசித் தூணுக்கு அருகே நின்றாள். இலை போடும் முன் சாமி எழுந்தார்.

"குருபூஜை அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். தண்ணித் தொட்டியில குரங்கு விழுந்து செத்திருக்கு. தொட்டியை மூடி வைக்க வேண்டியது மடம். பூங்காவனம் சுத்தமாத்தான் சமைச்சா."

அவர் உட்கார்ந்தார்.  கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்தார். பக்கத்து ஊர் தாமோதரன். மனைவியோடு வந்திருந்தார்.

"சாமி, என் பொண்ணுக்கு வந்த வரனை வேண்டாம்னு சொன்னீங்க. நாங்களும் விட்டுட்டோம். அது தெரிஞ்சு சொன்னதுங்களா?"

மாசிலாமணி குனிந்து சாமியின் காதோரம் சொன்னார். "அது வேற, இது வேறன்னு சொல்லிடுங்க."

சாமி தாமோதரனைப் பார்த்தார்.

"இல்லைப்பா. அதுவும் தெரியாமத்தான் சொன்னேன்."

தாமோதரன் அப்படியே நின்றார். "அவ இன்னும் வீட்லதான் இருக்கா," என்றார். அதைச் சாமியிடம் சொன்னாரா மனைவியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. இருவரும் வெளியே போனார்கள். அதன் பிறகு வேறு சிலர் எழுந்தார்கள். நிலம் விற்றவர் ஒருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில். மற்றவர்கள் கேட்காமலே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். பந்தி போட்டபோது பாதி இலைகளுக்கு ஆள் இல்லை.

பூங்காவனம் கிட்டே வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

"மருமக காதால கேட்டுட்டா," என்றாள்.

"திரும்ப இங்க சமைக்க வர்றியா?"

"இல்லை சாமி."

அவள் கும்பிடவில்லை. மருமகளோடு படி இறங்கிப் போனாள்.

மாசிலாமணி யாரும் உட்காராத இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். மனம் ஆறவில்லை. இலைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து சாமியின் எதிரே உட்கார்ந்தார்.

"பூங்காவனத்தைப் பத்திச் சொன்ன ஒண்ணைத்தானே சாமி எடுக்கணும்? எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே."

சாமி சுவரில் சாய்ந்திருந்தார். இன்னும் சாப்பிடவில்லை.

"ஒண்ணைத்தான் எடுக்கப் பார்த்தேன் வாத்தியாரே. அது தனியா வரலை."