பந்து யார்கிட்ட இருக்கு?

முகாமின் ஐந்தாம் நாள் காலையில் பிரவீணா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது. வந்து இறங்கிய அன்றே அது அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"மேடம், டீம்ல எனக்கு இடம் கிடைக்கணும்னா நான் இன்னும் என்ன செய்யணும்?"

பயிற்சியாளர் சலோமி மேடம் அரங்கின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடம் கூடைப்பந்து ஆடிய முழங்கால் அது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்க?"

பிரவீணாவுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. "போன வருஷம் யுனிவர்சிட்டி ஃபைனல்ல முப்பத்தோரு பாயிண்ட், மேடம். நான் ஒருத்தியே போட்டது. மூணு வருஷமா எங்க காலேஜ்ல டாப் ஸ்கோரர் நான்தான்."

"மத்தவங்க எல்லாம்?"

"எங்க காலேஜ்லயா மேடம்?"

"இங்க."

பிரவீணா சுற்றிலும் பார்த்தாள். பதினான்கு பெண்கள். திருச்சியிலிருந்து வந்தவள் அவள் கல்லூரியில் டாப் ஸ்கோரர். சேலத்துக்காரியும் அப்படித்தான். பெண்களுக்கான தொழில்முறை லீக்கில் ஆடப்போகும் அந்த அணிக்கு ஒன்பது பேரை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மீதம் இருந்தது மூன்று இடம். அதற்காகத்தான் கல்லூரி கல்லூரியாகச் சலித்து இந்தப் பதினான்கு பேரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வந்தவர்களில் அநேகமாக எல்லோருமே ஊரில் பந்து யார் கைக்குப் போக வேண்டுமோ அந்த ஆள்.

"மதியம் சொல்றேன்" என்றார் மேடம்.

ராஜபாளையத்திலிருந்து கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எடுத்தா ஆடு. எடுக்கலைன்னா திங்கக்கிழமை பி.எட். காலேஜ்ல சேரு. அதுக்கப்புறம் பந்துப் பேச்சே கூடாது." பிரவீணா உடனே தலையாட்டினாள். அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்துத்தான் ஆட்டினாள். இப்போது கிழமை வியாழன். அவளுக்குப் பயமாக இருந்தது.

மதியம் மேடம் விசிலோடு வந்தார். பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தார். மற்ற நால்வரை ஓரமாக உட்காரச் சொன்னார். பந்துகள் இருந்த கூண்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம், பந்து?" என்றாள் திருச்சிக்காரி.

"இன்னைக்குப் பந்து இல்லாம ஆடுங்க. மத்தபடி மேட்ச் மாதிரியே."

பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. நடுவட்டத்தில் நின்று வெறும் கையை மேலே வீசினார். இரண்டு நெட்டைப் பெண்கள் ஒன்றுமில்லாத காற்றைத் தட்டக் குதித்தார்கள். ஆட்டம் ஆரம்பமானது.

முதலில் எல்லோருக்கும் கூச்சம். ஒரு நிமிடம் போனதும் அது போய்விட்டது. ஓடினார்கள், மறித்தார்கள், முட்டிக்கொண்டார்கள். பிரவீணா தரையில் எதையோ தட்டிக்கொண்டே ஓடி, இடது மூலையில் நின்று, எம்பிக் கூடைக்குள் போட்டாள். விழுந்தது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சேலத்துக்காரி அதே சமயத்தில் எதிர்க் கூடையில் இன்னொன்றைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆறாவது நிமிடம் மேடம் விசில் ஊதினார்.

"அப்படியே நில்லுங்க. பந்து யார்கிட்ட இருக்கு? கையைத் தூக்குங்க."

பிரவீணா தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். ஒன்பது கைகள் மேலே இருந்தன.

"ஏய், நான் உன்கிட்ட இருந்து தட்டிப் பறிச்சிட்டேன்ல?" என்றாள் திருச்சிக்காரி.

"எப்போ பறிச்ச? நான்தான் கொண்டுபோய்ப் போட்டுட்டேனே" என்றாள் சேலத்துக்காரி.

இல்லாத பந்துக்கு இரண்டு பேரும் நிஜமாகவே சண்டை போட்டார்கள். ஒருத்தி மட்டும் கையைத் தூக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கரூர் பக்கத்திலிருந்து வந்த கோகிலவாணி. முதல் நாள் எத்தனை பாயிண்ட் போட்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு, நினைவில்லீங்க என்று சொன்ன பெண். அன்றைக்கே அவளை எல்லோரும் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள்.

"உன்கிட்ட இல்லையா?" என்றார் மேடம்.

"இல்லீங்க மேடம். பிரவீணாக்காகிட்ட இருக்குதுங்க."

"எப்படித் தெரியும்?"

"நான்தானுங்க கொடுத்தேன். அக்கா ஓடிப்போய் நின்ன மூலையில யாருமே இல்லீங்க. காலியா இருந்துச்சு. அதான்."

"சரி, போய்த் தண்ணி குடிங்க" என்றார் மேடம். அவ்வளவுதான்.

பிரவீணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பதில் கோகிலவாணி என்றும் புரிந்தது. ஒன்பது முட்டாள்களில் தானும் ஒருத்தி. அந்த ஒன்பதிலும் தன் பேரை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லி மானத்தை வாங்கிவிட்டாள் இந்தப் பெண். குழாயடியில் அவளைப் பிடித்தாள்.

"எதுக்கு என் பேரைச் சொன்ன?"

"கேட்டாங்கல்லங்கக்கா."

"தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? என்னை ஏன் மாட்டி விடுற?"

கோகிலவாணி விழித்தாள். "உங்ககிட்டதானுங்கக்கா இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு? பந்தே இல்ல, லூசு!"

"ஆமாங்கக்கா" என்று ஒப்புக்கொண்டுவிட்டு அவள் தண்ணீரைக் குடித்தாள். இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது? பிரவீணா பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நிஜப் பந்தோடு ஆட்டம் நடந்தது. பெண்கள் எல்லோரும் திடீரென்று தர்மப் பிரபுக்களாகிவிட்டார்கள். கூடைக்கு அடியில் நிற்பவள்கூடப் போடாமல், "நீ போடு, நீ போடு" என்று தள்ளிவிட்டாள். மேடம் பார்க்கிறாரா என்று ஒரு பார்வை வேறு. பிரவீணாவும் அதைத்தான் செய்தாள். செய்யும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. சனிக்கிழமை பாதி ஆட்டத்தில் அதை விட்டுவிட்டாள். எப்படியும் திங்கட்கிழமை பி.எட். என்று முடிவு கட்டிக்கொண்டு, கால் போன பக்கம் ஓடினாள். கோகிலவாணியிடமிருந்து பந்து வந்தது. போட்டாள். சில விழுந்தன, சில விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு. சலோமி மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. பட்டியல் ஒட்டமாட்டார். எடுக்காதவர்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கையால் டீ ஆற்றிக் கொடுத்து, நேரில் சொல்வார். கடைசிவரை யாரைக் கூப்பிடவில்லையோ அவர்கள் அணியில். அதனால் அந்த முகாமில் டீ என்றாலே பெண்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள்.

பதினான்கு பேரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் திருச்சிக்காரி போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்து ஒருத்தி. அடுத்து ஒருத்தி. சேலத்துக்காரி உள்ளே போனபோது பிரவீணாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளே போய்விட்டால் தான் எந்த மூலை? ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் எழுந்து நின்றாள். அவள் பெயர் வரவில்லை.

பதினோராவது பெண் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் மூன்று பேர் இருந்தார்கள். கோகிலவாணி, நாகர்கோவில் ஸ்டெஃபி, பிரவீணா. ஸ்டெஃபி ஓவென்று அழுதாள். கோகிலவாணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிரவீணாவுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, யாராவது வந்து திருத்திவிடுவார்கள் என்று தோன்றியது. அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

மேடம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோகிலாவை எடுத்தது சரி மேடம். ஸ்டெஃபியையும் சரி. அவ அளவுக்கு யாரும் எம்ப முடியாது. நான் எப்படி?"

"உனக்கு வேண்டாமா?"

"வேணும் மேடம். உயிரே அதுதான். ஆனா அன்னைக்கு நானும் கையைத் தூக்கினேனே."

"தூக்கின."

"அப்போ அந்த முப்பத்தோரு பாயிண்டுக்காகவா?"

"அதைப் பத்தி உன்னைத் தவிர யாரும் என்கிட்ட சொல்லலையே."

பிரவீணா தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்பது பேர் கையைத் தூக்கினீங்க. எட்டுப் பேருக்கு அவங்கவங்க மட்டும்தான் சாட்சி. உனக்கு ஒருத்தி சாட்சி சொன்னா. அவளைத்தான் நான் முதல்ல எடுத்தேன். எடுத்தப்புறம் அவ பேச்சை நம்பாம இருக்க முடியுமா?"