ஒரே வழி என்றொரு தண்டோரா

முன்னொரு காலத்தில் கருவேலநாடு என்ற சீமையை வாணராயன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் காதில் விழுந்ததை மதியத்துக்குள் தண்டோரா போட்டுவிடுவான்.

அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகள் பதினொரு பேருக்குப் பாடம் சொன்னவள் செங்கமலம். குயவன் மகனுக்குக் களிமண்ணில் எழுத்து. ஓரிடத்தில் உட்காராத காவலன் மகளுக்கு நடந்துகொண்டே வாய்ப்பாடு. யானைப்பாகனின் மகள் பவளாயிக்குக் காது கேளாது. அவளுக்குக் கைச்சாடையில் எல்லாம். விளையாட்டோடு விளையாட்டாக மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தச் சாடை பழகிப்போயிருந்தது.

பிரபுக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அவைப் பண்டிதர் நாகநம்பிக்கு இவர்கள் பெயர் வாங்குவது பொறுக்கவில்லை.

"மகாராஜா, அது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா? ஒருத்தன் மண் பிசைகிறான், ஒருத்தி ஓடுகிறாள்! என் பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள்."

மதியம் தண்டோரா முழங்கியது. "இனி எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வழி! நாளை அவையில் சோதனை. அந்த வழியில் விளங்காதவர் யாராயினும் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும்!"

ஒப்பிக்கச் சொன்னால் முதலில் வெளியேறுவது பவளாயிதான். செங்கமலம் உத்தரவை ஒவ்வொரு சொல்லாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவை நடுவில் நின்று, வாய் திறக்காமல், கைகளை மட்டும் அசைத்தாள்.

"என்னம்மா, கொசு விரட்டுகிறாயா?" என்றான் அரசன். அவை குலுங்கியது.

"பாடம் முடிந்தது, அரசே. வெள்ளக் காலத்தில் பெரிய ஏரியின் ஐந்து மதகுகளையும் எந்த வரிசையில் திறப்பது என்று சொன்னேன்."

பவளாயி ஓடிப்போய், சுவரில் வரைந்திருந்த ஏரியில் ஐந்து மதகுகளையும் வரிசை பிசகாமல் தொட்டாள். மற்றப் பத்துப் பேரும் அப்படியே தொட்டார்கள். பண்டிதரின் முப்பது பிள்ளைகள் உட்பட, அவையில் வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை.

"மோசடி!" என்று கத்தினார் பண்டிதர். "ஒப்பிக்கவல்லவா வேண்டும்?"

"ஒரே வழி என்றுதான் உத்தரவு, பண்டிதரே. எந்த வழி என்று இல்லையே. யாராயினும் என்று மட்டும் இருக்கிறது."

அரசன் முகம் சுருங்கியது. "அப்படியானால் நானும் மூட்டை கட்ட வேண்டுமா?"

"உங்களுக்கு அறிவு குறைவில்லை, அரசே. வழிதான் பொருந்தவில்லை" என்றாள். அதே பாடத்தைப் பாட்டாகப் பாடினாள். பண்டிதரின் தலை தன்னை மறந்து ஆடியது. களிமண்ணில் கரை கட்டிக் காட்டினாள். சேனாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசன் மட்டும் விழித்தான். தரையில் ஐந்து விளக்குகளை வைத்து, மதகுக்கு மதகு அவனை நடக்கவைத்தாள்.

"அடடே, விளங்கிவிட்டது! நான் காவலன் மகள் கட்சியம்மா!" என்று குதித்தான் அரசன்.

அப்போதே உத்தரவு ரத்தானது. முப்பது பிள்ளைகளின் பள்ளியும் செங்கமலத்தின் கைக்கு வந்தது.

"பண்டிதரை நாடு கடத்தட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம், அரசே. பாடம் அவருக்குப் பாட்டில் ஏறுகிறது. பணிவு எந்த வழியில் ஏறும் என்றுதான் தெரியவில்லை. ஒரு மாதம் பவளாயியிடம் விட்டுப் பாருங்கள்."

மறுநாள் பண்டிதர் பவளாயி முன் உட்கார்ந்து கையை அசைத்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் விரல்களைப் பிடித்துத் திருத்தி, அவருக்காக இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்து காட்டினாள்.