சங்கத்தில் உசந்த இடம்

தோணித்துறை சகோதரர் சங்கத்தில் கப்பல் முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். புதிதாகச் சேர்ந்த ரைஸ்மில் முதலாளி மாசிலாமணிக்கு அது பொறுக்கவில்லை. பாய் விரிக்கும் காத்தமுத்துவை அதட்டினார்.

“எல்லாரையும்விட உசந்த இடமா எனக்கு ஒண்ணு போடு. இல்லேன்னா உன் வேலை போயிடும்!”

காத்தமுத்து கைகட்டி நின்றான். “இருக்குங்க ஐயா. அதுல நீங்க மட்டுந்தான் மேல. மாலையெல்லாம் உங்களுக்குத்தான். நாங்க அத்தனை பேரும் தோள் கொடுத்துத் தூக்குவோம்.”

முதலாளிக்கு வாயெல்லாம் பல். “அப்புறமென்ன, கொண்டா!”

“அவசரப்படாதீங்க ஐயா. நம்ம சங்கத்துல யார் செத்தாலும் அப்படித்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவோம். உங்களையும் கூலியாள் தூக்க விடமாட்டோம்.”

சங்கமே சிரித்தது. காத்தமுத்துவும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாசிலாமணி சிரிக்கவில்லை. மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

“கொஞ்சம் நகந்து உக்காருப்பா” என்று காத்தமுத்துவின் பக்கத்தில் இடம் கேட்டார்.