செங்கரட்டு விளைச்சல்

செங்கரட்டு ஜமீன்தாருக்குப் பருத்தி மேல் பித்து. வரகும் கம்பும் விளைந்த நிலத்தையெல்லாம் பருத்திக் காடாக்கினார். தின்பதற்கு அரிசி வெளியூரிலிருந்து வண்டியில் வந்தது. மழை பொய்த்த வருஷம், வந்த கொஞ்ச வண்டியும் அரண்மனை வாசலோடு நின்றுவிட்டது. சமையல்காரி சடைச்சி தன் புருஷனை மாசியில் புதைத்தாள்.

பட்டினிச் சாவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். "இங்கே யாரும் சாகவில்லை. எங்கள் மண்ணில் விளைந்ததை நாளைக்கு உங்கள் இலையிலேயே பாருங்கள்" என்றார் ஜமீன்தார். அப்புறம் சடைச்சியைக் கூப்பிட்டார்.

"அரிசி நம்ம வயல் அரிசின்னு நான் சொல்லிக்கிறேன். பச்சையா ஒரு கறியாவது இந்த ஊர்ல பறிச்சதா இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ இருக்கமாட்ட."

புல்கூடக் கருகிய ஊர் அது. சடைச்சி தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் இலையில் கீரைக்கூட்டு விழுந்தது. அதிகாரி ருசித்துச் சாப்பிட்டார். ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்த வறட்சியில் இவ்வளவு இளசாக எங்கே விளைந்தது?" என்று பரிமாறிய சடைச்சியைக் கேட்டார் அதிகாரி.

"இடுகாட்டுல, சாமி. அங்க மட்டுந்தான் பருத்தி போடல. புதைச்ச மேட்டுல தண்ணி தெளிக்கிறது எங்க வழக்கம். அந்த ஈரத்துல தானா முளைச்சது."

அதிகாரியின் கை பாதியில் நின்றது. "எத்தனை மேடு?"

"கூட்டுக்கு முப்பத்தொரு மேட்டுல பறிச்சேன்" என்றாள் சடைச்சி. "எஜமான் பொரியலும் கேட்டிருந்தா, அதுக்கும் இருக்கு."