கஸ்பார் முதலாளியின் சீலா விருந்து

கொசுகூட நுழைய முடியாத சின்னக்கண் இழுவைமடி வலையைத் தம் விசைப்படகுகளில் பூட்டி, கடலையே வழித்தெடுப்பவர் என்று பேரெடுத்தவர் கஸ்பார் முதலாளி. சம்பந்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, அவர் எதிரிலேயே சமையல்காரி மிக்கேலம்மாளை அழைத்தார். “மத்தியானம் இலை நிறையச் சீலாமீன் வறுவல் வேணும். இல்லாட்டி ஆளை மாத்திடுவேன்!” என்று உறுமினார்.

ஏலக்கூடம் முழுவதும் தேடியும் அவளுக்குப் பெரிய சீலா ஒன்றுகூட அகப்படவில்லை. கோழித்தீவனத்துக்கென்று முதலாளியின் படகிலிருந்து கொட்டிய குவியலில்தான் சீலா கிடைத்தது.

சம்பந்தியின் இலையில் சுண்டுவிரல் அளவில் பத்து மீன்கள் வந்து விழுந்தன.

“இதுவா சீலா?” என்று சீறினார் முதலாளி.

“சத்தியமா சீலாதான் முதலாளி. தாய்மடியில கெடக்க வேண்டிய வயசுல உங்க மடிக்கு வந்துட்டு. ரெண்டு வருசம் கடல்ல விட்டிருந்தா, இலைக்கு வெளிய வால் நீட்டியிருக்கும்,” என்றாள் மிக்கேலம்மாள், பணிவு சற்றும் குறையாமல்.

சம்பந்திக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துத் தேறியவர், “சம்பந்தி, ஆளை மாத்தாதீரும், மடியை மாத்தும்!” என்றார்.

மறுநாளும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவள் மிக்கேலம்மாள்தான். கஸ்பார் முதலாளியோ வலைக்கடையில் நின்று, ஒரு புது மடியின் கண்ணுக்குள் விரலை விட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.