மூக்கில் இருநூற்று நாற்பது ராத்தல்

"பாய், இதை எதுக்கு நாம ரிப்பேர் பண்றோம்?"

அருமைநாயகம்தான் கேட்டார். ஐம்பது வயது. யுத்தம் முடிந்து கப்பல் ஏறி வரும்வரை ரங்கூனில் கணக்கு வாத்தியார்.

கேட்டது தாவூத் பாயிடம். முப்பத்திரண்டு வயது மெக்கானிக்.

ஆக, சின்னவர் குரு, பெரியவர் சீடர். அந்த விமானத் திடலில் யாரும் இதை வேடிக்கையாக நினைக்கவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது.

நான்கு என்ஜின் வைத்த குண்டுவீச்சு விமானம். ஒல்லியான நீள இறக்கை, பெருத்த வயிறு. யுத்த காலத்தில் கடல் தாண்டி ஏதோ ஒரு தொழிற்சாலையில் மணிக்கு ஒன்று என்று செய்து தள்ளினார்களாம். யுத்தம் முடிந்ததும் கொண்டுபோகவும் மனமில்லை, இன்னொருவன் ஓட்டட்டும் என்று விட்டுப்போகவும் மனமில்லை. போகிற அன்று கடப்பாரையால் வேகமும் உயரமும் காட்டும் கடிகாரங்களை உடைத்து, என்ஜினில் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படியே விட்டிருந்தால் காக்கைகள் குடியேறியிருக்கும். ஆனால் உடைந்த சாமானைக் கண்டால் தாவூத் பாய்க்குக் கை சும்மா இருக்காது. ஆறு மாதம், பத்து விமானங்களில் பொறுக்கி ஒன்றைத் தேற்றிவிட்டார். ஆறு மாதமும் அருமைநாயகம் கூடவே இருந்தார்.

"கேட்டேனே பாய், எதுக்கு?"

தாவூத் பாய் பதில் சொல்லிப் பழகாதவர். ஸ்பேனரை நீட்டினார்.

"இது பதிலா?"

"இல்ல. பதினாறாம் நம்பர் ஸ்பேனர்."

அருமைநாயகம் அதை வாங்கவில்லை.

"என் வீட்டுக்காரிக்குக் காது போனது எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ரங்கூனில் ஒரு மத்தியானம் இதே மாதிரி நாலு என்ஜின் விமானங்கள் வந்தன. குண்டு விழுந்தது பக்கத்துத் தெருவில்தான். ஆனாலும் ஞானப்பூவுக்கு இரண்டு காதும் போயிற்று. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அதற்குப் பிறகு சங்கு ஊதினால் அருமைநாயகம்தான் ஓடிவந்து சொல்லவேண்டும். சொல்வதற்கு ஒரு ஜாடை வைத்திருந்தார்கள். இடது உள்ளங்கையை வானம்போல் கவிழ்த்துப் பிடிப்பார். அதன் அடியிலிருந்து வலது கையின் இரண்டு விரல்கள் வெளியே ஓடும். விமானம் வருகிறது, ஓடு என்று அர்த்தம்.

"இங்க என்ன வேலை செய்யறீங்கன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றார் தாவூத் பாய்.

"பம்ப்செட் ரிப்பேர்னு சொல்லியிருக்கேன்."

"ஆறு மாசமாவா?"

"ஆறு மாசமா."

தாவூத் பாய் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டா. என் முகத்தைப் பாக்க மாட்டா. முகத்தைப் பாத்தாத்தான் பாய் அவளோட நான் பேச முடியும்."

தாவூத் பாய் விமானத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"யுத்தத்துக்குன்னு இதுல என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் கழட்டிப் போடுங்க வாத்தியாரே."

"எல்லாத்தையுமா?"

"உங்களுக்குப் பிடிக்காத எல்லாத்தையும்."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த விமானம் பறந்தாகவேண்டும். கொள்ளிடம் உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. சனங்கள் ரயில் மேட்டிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து அரிசி போடச் சொல்லி உத்தரவு வந்து, மூட்டைகளும் வந்து இறங்கிவிட்டன.

அருமைநாயகம் மூக்கிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு மிகவும் பிடிக்காத இடம் அதுதான். சுழலும் துப்பாக்கிக் கூண்டு, ரவைப் பெட்டிகள், இரும்புத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றினார். கூண்டு இருந்த ஓட்டையைத் தகரத்தால் மூடினார். கீழே குண்டு போடுகிறவன் குப்புறப் படுத்துக் குறி பார்க்கிற கண்ணாடிக்கு மட்டும் கை போகவில்லை. அதைத் துணியால் மூடிவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலை திடலுக்கு வந்தவர் சைக்கிளிலிருந்து இறங்கவும் மறந்துபோனார்.

விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தது. மூக்கு ஆகாயத்தில் இருந்தது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த நாய்க்குட்டி மாதிரி அவ்வளவு பணிவாக உட்கார்ந்திருந்தது.

தாவூத் பாய் அதன் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாய்! என்ன பாய் இது?"

"உங்க வேலைதான். நல்லா இருக்கு."

"உடைஞ்சிருச்சா?"

"உடையல. உக்காந்திருக்கு."

"ஏன்?"

"கணக்கு வாத்தியார் நீங்க. என்கிட்ட கேக்கறீங்களே."

அருமைநாயகம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் நின்றார்.

"குண்டை ஏன் நடுவயித்துல தொங்கவிட்டிருக்கான்? போட்டுட்ட பிறகும் விமானம் சாயக்கூடாதுன்னுதான?"

தாவூத் பாய் இட்லியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"அப்ப முன்னால துப்பாக்கியும் பின்னால துப்பாக்கியும் தராசுத் தட்டு மாதிரி. நான் முன்தட்டை மட்டும் காலி பண்ணிட்டேன்."

தாவூத் பாய் கையைக் கழுவிக்கொண்டு ஸ்பேனரை நீட்டினார். இந்தத் தடவை அருமைநாயகம் வாங்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் வால் துப்பாக்கியும் இறங்கிவிட்டது. வாலைப் பத்துப் பேர் தூக்கிப் பிடிக்க, கீழே முட்டுக்கட்டை வைத்தார்கள். பேட்டரிகளை முன்னால் மாற்றினார்கள். அருமைநாயகம் பழுப்புத் தாளில் கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

"மூக்குல இன்னும் இருநூத்தி நாப்பது ராத்தல் வேணும் பாய். மணல் மூட்டை கட்டிரலாமா?"

"மணலா? ஏற்கெனவே இதுக்குள்ள கொட்டின மணலை அள்ளியே எனக்கு இடுப்பு போச்சு."

"சரி, அரிசி மூட்டை?"

"கீழ பசியோட பாத்துட்டிருப்பான். மேல நாம ரெண்டு மூட்டையைச் சும்மா சுமந்துட்டுப் போயி, சும்மா சுமந்துட்டு வருவோமா?"

"பின்ன என்னதான் வைக்கிறது? துப்பாக்கியைத் திரும்ப வைக்க மாட்டேன் பாய். என்னால முடியாது."

"யார் வைக்கச் சொன்னா?"

"பின்ன?"

தாவூத் பாய் கண்ணாடியை மூடியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எத்தன ராத்தல்?"

அரிசி நிறுக்கிற தராசில் அவரை ஏற்றினார்கள். நூற்று முப்பது.

"இன்னும் நூத்திப் பத்து," என்றார் அருமைநாயகம். கணக்கு அவரை அறியாமலே வந்துவிட்டது. நான் எங்கே போகிறேன் என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தாவூத் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் திடலின் வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. தூக்குச்சட்டியோடு ஞானப்பூ இறங்கினார்.

அருமைநாயகம் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். ஐம்பது வயசுக்காரர் ஒளிந்துகொள்ள அந்தச் சக்கரம் போதவில்லை.

ஞானப்பூ விமானத்துக்கு எதிரே வந்து நின்றார். நான்கு என்ஜினையும் விரல் நீட்டி எண்ணினார். வயிற்றுக் கதவைப் பார்த்தார். கடை ஷட்டர் மாதிரி மேலே சுருண்டிருந்தது. உள்ளே குண்டுகள் தொங்கிய இடத்தில் அரிசி மூட்டைகள். நடந்துபோக நடுவில் ஒரு சாண் அகலப் பலகை.

புருஷன் பக்கம் திரும்பினார். குரல் உரக்க வந்தது. தன் குரல் அவருக்குக் கேட்காது.

"இதான் உங்க பம்ப்செட்டா?"

திடலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தலையைத் தூக்குங்க. நீங்க குனிஞ்சா எனக்கு ஒண்ணும் விளங்காது."

தூக்கினார்.

"ஞானம், நான் சொல்லியிருக்கணும்."

"சட்டை துவைக்கிறவ நான். ரங்கூன்ல விமானத் திடல் ஓரமா எட்டு வருஷம் குடியிருந்திருக்கேன். டீசல் வாடை எது, விமானத்துப் பெட்ரோல் வாடை எதுன்னு எனக்குத் தெரியாதா? காதுதான் போச்சு."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆறு மாசம் பம்ப்செட்டாவே ஓட்டிட்டீங்க."

தாவூத் பாய் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஞானப்பூ அவரைப் பார்த்து முறைத்தார்.

"நீங்கதான் ஆள் அனுப்பி வரச்சொன்ன தம்பியா?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

தாவூத் பாய் மூக்கின் அடியில் ஏணி வைத்து, துணியை அவிழ்த்து எடுத்தார்.

ஞானப்பூ ஏறி அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தாவூத் பாய் பக்கம் திரும்பினார்.

"இங்க படுத்துக்கிட்டுத்தான் பாத்தானா?"

"ஆமாக்கா."

"என் வீடு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தாவூத் பாய் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞானப்பூ இறங்கிவந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு எங்க போகுது இது?"

"வெள்ளத்துக்கு அரிசி போட. இங்க படுத்து, சனம் எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்ல ஆள் வேணும்."

"நான் பாக்கறேன்."

"ஞானம்!" என்றார் அருமைநாயகம்.

"நீங்க பேசாம இருங்க. தம்பி, எங்க உக்காரணும்?"

"கிளம்பும்போது பைலட்டுக்குப் பின்னால; அந்த எடையும் மூக்குப் பக்கம்தான் சேரும். மேல போனதும் தவழ்ந்து மூக்குக்குப் போகணும். அதுக்கு முன்னாடி…" தாவூத் பாய் தராசைக் காட்டினார்.

ஞானப்பூ தூக்குச்சட்டியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். முள் நூற்று நான்கில் நின்றது.

"ஆறு ராத்தல் குறையுது," என்றார் கணக்கு வாத்தியார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

தாவூத் பாய் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி ஞானப்பூவிடம் நீட்டினார். முள் நூற்றுப் பத்துக்கு வந்தது.

"நாளைக்கும் இதே அளவு சாப்பாடு கொண்டாங்கக்கா."

வெள்ளிக்கிழமை காலை விமானம் கிளம்பியது.

வால் இடிக்கவில்லை. மூக்கு சாயவில்லை. தாவூத் பாய் வயிற்றுக்குள் அந்த ஒரு சாண் பலகையில் கால் வைத்து, மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்னால், கண்ணாடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். நான்கு என்ஜின் இரைச்சலில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அந்த விமானத்தில் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டு போனவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். எல்லாம் கை ஜாடை. பயமா என்று ஞானப்பூ கேட்டார். இல்லை என்றார் அருமைநாயகம். பொய் என்றார் ஞானப்பூ.

தண்ணீர் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் காவித் தண்ணீர். தென்னந்தலைகள். நடுவில் ஒரு கோடு மாதிரி ரயில் மேடு. அதன்மேல் எறும்புபோல் ஆட்கள்.

விமானம் தாழ்ந்தது. நிழல் மேட்டை நோக்கி ஓடியது.

அருமைநாயகத்துக்கு அந்த நிழலைத் தெரியும். எத்தனையோ தடவை அதன் அடியில் நின்றிருக்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

விலாவில் ஓர் இடி விழுந்தது. கண் திறந்தார்.

ஞானப்பூ இடது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஓடுகிறார்கள்.

அருமைநாயகம் தலையைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் இடி. சரியாகப் பார் என்று அவர் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்தார் ஞானப்பூ.

விரல்கள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து வெளியே ஓடவில்லை. வெளியிலிருந்து உள்ளங்கைக்கு அடியில் ஓடி வந்துகொண்டிருந்தன.

அருமைநாயகம் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக் கீழே பார்த்தார்.