கடல் விலகிய தோணி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, ராஜாக்கள் முத்துப் பதித்த செருப்புப் போட்டுக்கொண்டு நடந்த காலத்தில், கடலோரமாகச் சங்குத்துறை என்று ஓர் ஊர் இருந்தது. உடனே ராஜாவைப் பற்றிச் சொல்வேன் என்று காத்திருக்காதீர்கள். அவர் இந்தக் கதையில் வரப்போவதில்லை. இது ஒரு தோணியின் கதை, அந்தத் தோணியிலேயே குடித்தனம் நடத்திய ஒரு குடும்பத்தின் கதை.

அப்பா பெயர் காத்தலிங்கம். அம்மா பெயர் நாச்சியார். அவன் பாயைப் பார்த்துக்கொள்வான், அவள் சுக்கானைப் பிடிப்பாள். காத்தலிங்கம் தன் கையாலேயே கட்டி, கல்யாணமான மறுநாளே இருவரும் ஏறிய தோணி அது. அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம், அதிலேயே சண்டை, அதிலேயே சமாதானம். உப்பை ஏற்றிக்கொண்டு போவார்கள், தேங்காயை ஏற்றிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பிறந்ததும் அதில்தான். பிறக்கும்போது எந்தக் காற்று அடிக்கிறதோ அந்தக் காற்றின் பெயர்தான் பிள்ளைக்கு. கீழைக்காற்றில் பிறந்த மூத்தவள் கொண்டலம்மா. வடகாற்றில் பிறந்த பையன் வாடையப்பன். தெற்கேயிருந்து இதமாக வீசியபோது பிறந்த கடைக்குட்டி தென்றல்.

நாச்சியார் சுக்கானைப் பிடித்தால் தோணி எந்தப் பாறை இடுக்கிலும் புகுந்து வெளியே வரும். அவள் உட்கார்ந்து பிடிக்கமாட்டாள். வலது காலை ஒரே இடத்தில் ஊன்றி நின்றுகொண்டுதான் பிடிப்பாள். அப்படி ஊன்றி ஊன்றிப் பலகையில் ஒரு குழி விழுந்துவிட்டது. குதிகாலும் விரலும் தனித்தனியாகத் தெரியும். அந்தக் குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். தவழ்கிற வயதில் தென்றல் அம்மா காலடியில், தோணியின் பக்கப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அந்தத் தண்ணீரைத் தட்டித் தட்டி விளையாடுவாள். மேலேயிருந்து அம்மா குரல் வரும்: "தண்ணில கை வைக்காத, சளி புடிக்கும்."

எதிரே கழுகுத் தீவில் ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவனுக்கு அந்தப் பெருமை வேண்டாம். அவனிடம் ஒரு கறுப்புக் கப்பல் இருந்தது. பாம்பரசனின் புதையலை எடுத்துவர வேண்டும் என்று ஆசை இருந்தது. வழியெல்லாம் பல்லுப் பல்லாகப் பாறை. சுக்கான் பிடிக்க ஆள்தான் இல்லை.

தோணியைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலத்தில் அவன் சங்குத்துறைக்கு வந்தான். என் கப்பலுக்குச் சுக்கான் பிடித்தால் பொன் தருகிறேன் என்றான். நாச்சியார் மாட்டேன் என்றாள். பட்டு தருகிறேன் என்றான். மாட்டேன் என்றாள். மாளிகை தருகிறேன் என்றான்.

"என் தோணி இருக்கயில வேற சுக்கான நான் தொடமாட்டேன்" என்றாள் நாச்சியார்.

அவன் கோலை ஒரு சுற்றுச் சுற்றினான். நாச்சியார் புகையாகிக் காற்றோடு தீவுப் பக்கம் போனாள். இன்னொரு சுற்றுச் சுற்றி, இந்தத் தோணி வந்தால் கடல் விலகிப் போகட்டும் என்றான். அப்புறம் தானும் புகையாகிப் போனான்.

காத்தலிங்கம் தோணியைத் தள்ளினான். தோணி ஓர் அடி போனது, கடல் ஓர் அடி பின்வாங்கியது. மறுபடி தள்ளினான். தோணி ஓர் அடி போனது, கடல் ஓர் அடி பின்வாங்கியது. பைத்தியம் பிடித்தவன் மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தான். ஊராருடைய வள்ளங்கள் எல்லாம் தரைதட்டிச் சாய்ந்தன. எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று ஊரே வந்து அழுதது. அவன் தோணியைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தான், கடலும் பழைய இடத்துக்கு வந்தது. ஊரார் வேறு வள்ளத்தில் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நாள் முழுக்கத் துடுப்புப் போட்டாலும் தீவு அதே தூரத்தில்தான் நின்றது. அதுவும் மந்திரவாதி வேலைதான். இந்தத் தோணியைத் தவிர வேறெந்த வள்ளத்துக்கும் அந்தத் தீவு பிடிகொடுக்காது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தீவில் ஒரு விளக்கு தெரிந்தது. அது மூன்று தடவை மேலே உயர்ந்து இறங்கியது. "மூணு பிள்ளைக்கு மூணு தடவை. உங்க அம்மாதான்" என்றான் காத்தலிங்கம்.

அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று பிள்ளைகளும் கரையில் வந்து நிற்பார்கள். விளக்கு மூன்று தடவை உயரும். மற்ற இரண்டு பேருக்கும் அம்மாவின் முகம் ஞாபகம் இருந்தது. தென்றலுக்கு முகமெல்லாம் தெரியாது. அவளுக்கு அம்மா என்றால் அந்த விளக்குதான். அதைப் பார்த்தே வளர்ந்து பெரியவளானாள்.

இப்படியே வருஷங்கள் போயின. ஒருநாள் ஒரு மர வியாபாரி வண்டி நிறையப் புதுப்பலகை ஏற்றிக்கொண்டு வந்தான். தோணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். கடல் பயப்படுவது பழைய மரத்தைப் பார்த்துத்தானாம். உன் கையாலேயே பழசையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு பலகை மிச்சமில்லாமல் புதுசு போட்டுப் பார், கடல் தானாக வரும் என்றான். காசுகூட வாங்கவில்லை. அந்த வியாபாரி யாரென்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். காத்தலிங்கம் கண்டுபிடிக்கவில்லை. பெண்டாட்டியை நினைத்து உருகிக்கொண்டிருந்தவனுக்கு வண்டிக்காரன் முகமா தெரியும்?

மந்திரவாதியின் சங்கதி இதுதான். நாச்சியாரின் நினைவெல்லாம் அந்தத் தோணியின் பலகைகளில் ஊறிக் கிடந்தது. நினைவு இருக்கும்வரை அவள் வேறு சுக்கானைத் தொடமாட்டாள். தோணியைக் கட்டியவன் கையாலேயே அதைக் கழற்றினால்தான் அவளுக்கு மறக்கும்.

அப்பாவும் பிள்ளைகளும் வேலையில் இறங்கினார்கள். முன்பக்கத்துப் பலகைகளைக் கழற்றிப் புதுசு அடித்தார்கள். இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்துக் குங்கிலியப் பிசினைக் காய்ச்சி ஊற்றினார்கள். கடல் கொஞ்சம் கிட்டே வந்தது. எல்லாரும் மணலில் குதித்துக் கூத்தாடினார்கள். அன்று விளக்கு இரண்டு தடவைதான் உயர்ந்தது. எண்ணெய் தீர்ந்திருக்கும் என்றார்கள்.

அடிப்பலகைகளை மாற்றினார்கள். கடல் இன்னும் கிட்டே வந்தது. விளக்கு ஒரு தடவைதான் உயர்ந்தது. கை வலித்திருக்கும் என்றார்கள்.

பக்கப் பலகைகளை மாற்றினார்கள். கடல் வந்து தோணிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. விளக்கு எரிந்தது, ஆனால் உயரவே இல்லை. அன்று யாரும் சோற்றைத் தொடவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே பலகை, நாச்சியாரின் கால்குழி விழுந்த பலகை. காலையில் காத்தலிங்கம் உளியை எடுத்துக்கொண்டு வந்தான். தென்றல் அந்தக் குழியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி மகளே. இது ஒண்ணுதான் பாக்கி. கடல் இந்தா நிக்குது பாரு."

"அம்மா நேத்து விளக்கத் தூக்கலப்பா."

"அசதியா இருந்திருக்கும்."

"முன்பலகைய மாத்தினோம், மூணு ரெண்டாச்சு. அடிப்பலகைய மாத்தினோம், ரெண்டு ஒண்ணாச்சு. பக்கத்த மாத்தினோம், ஒண்ணும் இல்லாமப் போச்சு. கடல் கிட்ட வருதுப்பா, அம்மா தூரப் போறா. இதையும் கழத்திட்டா நாம அங்க போய்ச் சேந்துருவோம். நீங்க யாருன்னு அம்மா கேப்பா."

உளி அவன் கையிலிருந்து நழுவியது. என் கையாலேயே செய்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்கார்ந்து சோறு தின்ன மணலில் போட்டிருந்த ஒரு பழைய பலகையை எடுத்துவந்து, புதுசைப் பெயர்த்துவிட்டு அதை அடித்தான். கடல் சற்றே பின்வாங்கியது. சாயங்காலம் விளக்கு ஒரு தடவை உயர்ந்தது. அம்மாவுக்கு என் ஞாபகம்தான் வந்தது என்று கொண்டலம்மா அழுதாள். இல்லை, என் ஞாபகம்தான் என்று வாடையப்பன் சண்டைக்குப் போனான். தென்றல் மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பழைய பலகைகளைத் தேடிக் கிளம்பினார்கள். கழற்றியதையெல்லாம் ஊரார் தூக்கிப் போயிருந்தார்கள். ஒன்று ஆட்டுப் பட்டிக்குக் கதவாகியிருந்தது. கேட்டார்கள், கொடுத்தார்கள். ஒன்று வேப்பமரத்து ஊஞ்சலாகியிருந்தது. கேட்டார்கள், ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தன. சுக்கானை ஒட்டியிருந்த பக்கப் பலகை சீனியாத்தா வீட்டுக்குப் போயிருந்தது. அவள் வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தாள். மகளுக்குப் பிரசவ நேரத்தில் வெந்நீர் வைக்க விறகில்லாமல் அதை எரித்துவிட்டாளாம். காத்தலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் பிள்ளை நல்லா இருக்கா என்று கேட்டான். இருக்கு என்றாள். "அப்ப சரி" என்று சொல்லித் திரும்பிவிட்டான்.

பலகைகள் எல்லாம் பழைய இடத்தில் ஏறின, அந்த ஒன்றைத் தவிர. பழசெல்லாம் திரும்பிவிட்ட தோணி, அங்கே வேறு மரத்தை வைத்து அடித்தால் ஆணியை வாங்காமல் துப்பித் துப்பித் தள்ளியது. அன்று விளக்கு இரண்டு தடவை உயர்ந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்றாவது தடவை உயரவே இல்லை. தென்றலுக்குப் புரிந்துவிட்டது. தவழ்கிற வயதில் அவள் சாய்ந்து உட்கார்ந்த பலகை அல்லவா எரிந்துபோனது? யாரும் தன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கடலோ பழைய பலகை ஒவ்வொன்று ஏறும்போதும் பின்வாங்கிப் பின்வாங்கி, பழைய இடத்தையும் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வள்ளங்கள் மறுபடி சாய்ந்து கிடந்தன. ஊரார் கோபமாக வந்து நின்றார்கள். வாடையப்பனுக்கு எரிச்சலான எரிச்சல்.

"இன்னும் கொஞ்சம் தள்ளினா தீவுக்கு நடந்தே போயிரலாம்" என்றான்.

கடுப்பில்தான் சொன்னான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் காய்ந்துபோன கடல்தரை மேல் போயிற்று. முதல் ஆளாகச் சீனியாத்தா வந்து தோணியில் கை வைத்தாள். அப்புறம் ஊரே கை வைத்தது.

உருட்டுக்கட்டைகளைப் போட்டுத் தள்ளினார்கள். தோணி ஓர் அடி போனது, கடல் ஓர் அடி பின்வாங்கியது. சங்கு கிடந்த மணலில் தள்ளினார்கள், பாசி படிந்த சேற்றில் தள்ளினார்கள். என்றைக்கோ தொலைத்த நங்கூரத்தை ஒருவன் வழியில் கண்டெடுத்து, அதையும் சுமந்துகொண்டு தள்ளினான். தோணி ஓர் அடி போனது, கடல் ஓர் அடி பின்வாங்கியது. பூட்டு என்று மந்திரவாதி போட்டுவைத்ததே இவர்களுக்குப் பாதையாகிவிட்டது. கடைசியில் கழுகுத் தீவு ஒரு குன்று மாதிரி தரையில் நின்றது. கறுப்புக் கப்பல் பக்கத்தில் குப்புறச் சாய்ந்து கிடந்தது.

பாறைமேலிருந்து கையில் விளக்கோடு ஒருத்தி இறங்கி வந்தாள். காத்தலிங்கத்தைப் பார்த்ததும் நின்றாள். "நரச்சுப் போச்சே" என்றாள். கொண்டலம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாடையப்பனின் மீசையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தென்றலைப் பார்த்தாள்.

"இது யாரு பிள்ள? லட்சணமா இருக்கா."

கொண்டலம்மா பதறிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள். தென்றல்தான் சொன்னாள்: "தோணில தண்ணி இறைக்கிறவம்மா."

அதற்குள் மந்திரவாதி வந்துவிட்டான். எல்லாரையும் மூழ்கடிக்கிறேன் பார் என்று கோலைத் தூக்கி, கடலே திரும்பி வா என்று கத்தினான். கோபத்தில் அவனுக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தான் கட்டிய கட்டைத் தானே அவிழ்த்துவிட்டான். ஊரார் முண்டியடித்துத் தோணியில் ஏறினார்கள். கடல் ஓடி வந்தது. குப்புறக் கிடந்த கறுப்புக் கப்பல் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தது. கோலை அலை கொண்டுபோயிற்று. கோல் போனதும் அவன் வெறும் ஆளாகத் தீவில் நின்றான். போகிற வருகிற தோணிகளுக்கு அங்கே விளக்கேற்றி வைக்கிற வேலை அவனுக்குக் கிடைத்தது. ஏற்றினால்தான் ஊரார் சோறு போட்டார்கள்.

தோணியோ எத்தனையோ வருஷம் கழித்து மிதந்தது. காத்தலிங்கம் பாயை ஏற்றினான். எரிந்த பலகையின் இடத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது. தென்றல் ஓடிப்போய் அங்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அப்போதும் முதுகோரமாகத் தண்ணீர் கசிந்தது. நாச்சியார் சுக்கானுக்கு வந்தாள். வலது காலைத் தூக்கிக் குழியில் வைத்தாள். கால் அதில் சரியாகப் பொருந்தியது.

அப்புறம் அவர்கள் எத்தனை துறைமுகம் போனார்கள், எத்தனை பேரப்பிள்ளைகளுக்கு எந்தெந்தக் காற்றின் பெயரை வைத்தார்கள் என்பதையெல்லாம் நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒரு நாளைத்தான்.

கசிந்த தண்ணீர் மெல்ல ஓடி வந்து கால்குழியில் தேங்கியது. எதற்கென்று தென்றலுக்கே தெரியாது, கையை நீட்டி அதைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். நாச்சியார் கண் கடல்மேலேயே இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏ தென்றல், தண்ணில கை வைக்காத, சளி புடிக்கும்" என்றாள்.

தென்றல் கையை எடுக்கவில்லை. அம்மா இன்னொரு தடவை திட்டட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.